தண்ணீர்ப் பக்கமே போகாத நீல மீன்கொத்தி: என்டெபேயில் எடுத்த படங்கள், இனம் சொல்லுங்கள்

#1 ஏரிக்கரை (என்டெபே, உகாண்டா)

அனைவருக்கும் வணக்கம். வேலைக்காக என்டெபேயில் குடியிருக்கிறேன். எங்கள் வளாகத்துப் புல்தரை ஓரத்தில் காய்ந்துபோன பெரிய மரம் ஒன்று நிற்கிறது. அதன் கீழ்க்கிளையில் தினமும் ஒரு மீன்கொத்தி வந்து உட்காருகிறது. நான்கு படங்கள் இணைத்திருக்கிறேன்.

முதுகும் வாலும் பளீரென்ற நீலம். மடக்கிய இறக்கையின் நடுவிலும் அதே நீலம் பட்டையாகத் தெரிகிறது. தோள் மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. தலை இளஞ்சாம்பல், தொண்டையும் வயிறும் வெள்ளை. அலகு பெரியது. நம் மைனாவைவிடச் சற்றுச் சிறிய உடம்பு.

விக்டோரியா ஏரி இங்கிருந்து நடக்கிற தூரம்தான். கரையில் கருப்பு வெள்ளை மீன்கொத்திகள் ஏராளம். அந்தரத்தில் சிறகடித்து நின்று, தலைகீழாகப் பாய்ந்து மீன் எடுப்பதைச் சலிக்காமல் பார்க்கலாம். இந்த நீலப் பறவையை மட்டும் கரையில் பார்த்ததே இல்லை. காலை முழுக்கப் புல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் நீலமார்பு மீன்கொத்தி என்கிறார். என்னிடம் உள்ள கையேட்டில் அலையாத்தி மீன்கொத்தியும் ஏறக்குறைய இப்படியே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கொடுமுடி செல்வி

நல்ல படங்கள் தம்பி. நம் ஊர் வெண்தொண்டை மீன்கொத்தியின் ஜாடை அப்படியே தெரிகிறது. அதுவும் மின்கம்பியில், கிணற்றுமேட்டில் உட்கார்ந்து வெட்டுக்கிளி, ஓணான் என்று பிடிக்கிற பறவைதான். அதற்குத் தலையும் வயிறும் காப்பிப் பழுப்பு, அலகு முழுக்கச் சிவப்பு. உங்களுடையது அதற்கு உறவாகத்தான் இருக்க வேண்டும்.

நான்காவது படத்தில் இறக்கை இரண்டையும் அகல விரித்து நிற்கிறதே, அடிகிடி பட்டிருக்கிறதா?

#3 டர்பன் சரோ

எனக்கு இது அலையாத்தி மீன்கொத்தியாகத் தெரிகிறது. சாம்பல் தலையைப் பாருங்கள். கறுப்புக் கோடு அலகிலிருந்து கிளம்பிக் கண்ணோடு நின்றுவிடுகிறது. இதே ஜாடையுள்ள கானக மீன்கொத்திக்கு அந்தக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும் என்று இங்கே எல்லாக் கையேட்டிலும் போட்டிருக்கிறது.

டர்பனில் உம்கேனி ஆறு கடலில் கலக்கிற இடத்தில் பீச்வுட் அலையாத்திக் காடு இருக்கிறது. குளிர்காலத்தில் அலையாத்தி மீன்கொத்தியை அங்கேதான் போய்ப் பார்ப்போம். சேற்றில் இறங்கி நண்டைத் தூக்கிக்கொண்டு கிளைக்குப் போய்விடும்.

#4 லிம்போபோ ராஜன்

ஏரிக்கரை தம்பி, உங்கள் இரண்டாவது படம் ஒன்றே போதும். இது கானக மீன்கொத்தி. கையேடுகளில் வுட்லேண்ட் கிங்ஃபிஷர் என்று இருக்கும். அறிவியல் பெயர் ஹால்சியான் செனகலென்சிஸ். லின்னேயஸ் 1766-இல் விவரித்தது. சகாராவுக்குத் தெற்கே செனகல் முதல் எத்தியோப்பியா வரைக்கும், கீழே தென்னாப்பிரிக்காவின் வடபகுதி வரைக்கும் பரவியிருக்கிறது.

சரோ அக்கா சொன்ன கண்கோடு தென்னாப்பிரிக்காவில் நம் பக்கத்துப் பறவைக்குச் சரி. ஆனால் இந்த இனத்தில் மூன்று உள்ளினங்கள் உண்டு. தெற்கே நாம் பார்க்கிற சயனோலியூகாவுக்குக் கோடு கண்ணுக்குப் பின்னாலும் ஓடும், உச்சந்தலையில் மெல்லிய நீலச் சாயல் இருக்கும். வடக்கிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலும் இருப்பது செனகலென்சிஸ். அதற்குத் தலை சாம்பல் கூடுதல், கறுப்பு பெரும்பாலும் அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில்தான். மூன்றாவதான ஃபஸ்கோபைலியஸ் மேற்கு ஆப்பிரிக்கா, காங்கோ காட்டுப் பகுதிகளில் இருக்கிறது. அதன் உச்சந்தலை இன்னும் கருமை. தென்னாப்பிரிக்கக் கையேட்டை உகாண்டாவுக்குக் கொண்டுபோனால் கண்கோடு குழப்பத்தான் செய்யும்.

அதனால் எப்போதும் அலகை முதலில் பாருங்கள். அலையாத்தி மீன்கொத்திக்கு மேலலகு, கீழலகு இரண்டுமே சிவப்பு. இதற்கு மேலே சிவப்பு, கீழே கறுப்பு. நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தால் ஐம்பது அடி தூரத்திலிருந்தே தெரியும். ஒரே எச்சரிக்கை, இளம்பறவைக்கு அலகு பழுப்பாக இருக்கும், நிறங்களும் மங்கல். அப்போது அவசரப்படாமல் பெற்றோர் வரும்வரை காத்திருப்பது நல்லது.

இடமும் உதவுகிறது. அலையாத்தி மீன்கொத்தி கிழக்குக் கடற்கரைப் பறவை. என்டெபேயிலிருந்து இந்தியப் பெருங்கடல் சுமார் 900 கிலோமீட்டர்.

நீலமார்பு மீன்கொத்திக்கும் இதே இரட்டை நிற அலகுதான், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது உடம்பில் பெரியது, அடர்ந்த காட்டில் வாழ்வது, நெஞ்சின் குறுக்கே அகலமான நீலப்பட்டை இருக்கும். உங்கள் பறவையின் நெஞ்சு வெள்ளை.

#5 டர்பன் சரோ

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் ராஜன். கீழலகு நல்ல கறுப்பு. கானகம்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் தலை இவ்வளவு சாம்பலாக இருக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி, நன்றி.

#6 நாகை மீரான்

இனம் முடிவாகிவிட்டது, சந்தோஷம். எனக்கு வேறு சந்தேகம். நான் மீன்பிடித் தொழில் செய்யும் குடும்பம். கழிமுகத்தில் சின்ன நீல மீன்கொத்தி, கருப்பு வெள்ளை இரண்டையும் சிறு வயது முதல் பார்க்கிறேன். இரண்டும் ஊசி மாதிரி நேரே தண்ணீரில் இறங்கும். அப்படிப்பட்ட உடம்பு உள்ள பறவை புல்தரையில் எப்படிப் பிழைக்கிறது? ஏரியில் மீன் குறைந்துபோய்க் கரையேறிவிட்டதா?

#7 லிம்போபோ ராஜன்

மீரான் பாய், ஏரியில் மீன் குறைந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பறவையின் முன்னோர் வழியே தரைவேட்டைதான்.

உலகில் சுமார் 120 மீன்கொத்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றை மூன்று கிளைகளாகப் பிரிப்பார்கள். நீங்கள் சொன்ன சின்ன நீலம் ஒரு கிளை. கருப்பு வெள்ளையும், ஆப்பிரிக்க ஆறுகளில் இருக்கிற ராட்சத மீன்கொத்தியும் இன்னொரு கிளை. மூன்றாவது மரமீன்கொத்திகள். இனங்களின் எண்ணிக்கையில் இந்தக் கிளைதான் பெரியது. ஆஸ்திரேலியாவின் குக்கபரா, நம் வெண்தொண்டை, இந்தக் கானகம் எல்லாம் இதில் அடக்கம். செல்வி அக்கா உறவு என்றது அப்படியே உண்மை: வெண்தொண்டையும் கானகமும் ஹால்சியான் என்ற ஒரே பேரினம்.

உடம்பிலும் வித்தியாசம் இருக்கிறது. மீன் பிடிப்பவற்றின் அலகு நீளமாக, இரு பக்கமும் அழுத்தியதுபோல ஒடுக்கமாக இருக்கும். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்க அது வேண்டும். தரையில் பிடிப்பவற்றின் அலகு குட்டையாக, அகலமாக, அடிப்பகுதி தடிமனாக இருக்கும். துள்ளுகிற வெட்டுக்கிளியைக் கவ்வவும், வண்டின் ஓட்டை நொறுக்கவும் அகலம்தான் பயன்படும். தம்பியின் மூன்றாவது படத்தில் பறவை நேராக நம்மைப் பார்க்கிறது, அலகின் அகலம் அதில் நன்றாகத் தெரிகிறது.

சாப்பாடு என்று பார்த்தால் வெட்டுக்கிளி, வண்டு, கும்பிடுபூச்சி, சிலந்தி, தேள், பூரான், பல்லி, தவளை, சிறு பாம்பு. சமயத்தில் சின்னப் பறவைகளின் குஞ்சையும் எடுத்துவிடும். மீனும் எப்போதாவது உண்டு. ஆனால் மீன் இல்லாவிட்டால் இதற்குப் பட்டினி கிடையாது. கிளையும், கிளைக்குக் கீழே திறந்த தரையும் இல்லாவிட்டால்தான் பட்டினி.

#8 ஏரிக்கரை

ராஜன் அண்ணா, மிக்க நன்றி. நீங்கள் சொன்ன பிறகு இன்று காலை அது வேட்டையாடுவதைக் கவனித்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

கிளை என் தலைக்கு மேலே இரண்டு கை உயரம் இருக்கும். பறவை நிமிர்ந்து உட்கார்ந்து அசையாமல் இருந்தது. கழுத்தை மட்டும் எப்போதாவது வெடுக்கென்று திருப்பும். திடீரென்று சாய்வாக இறங்கியது. புல்லில் கால் பட்டதா என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்குள் கிளைக்குத் திரும்பிவிட்டது. அலகில் பச்சை நிறக் கும்பிடுபூச்சி, விரல் நீளம். பூச்சி முன்னங்காலால் அலகின் பக்கத்தைப் பற்றிக்கொண்டு விடவில்லை. பறவை தலையை ஒரு பக்கம் ஒதுக்கிப் பூச்சியைக் கிளையில் ஓங்கி அறைந்தது. மறுபக்கம் திருப்பி மறுபடி. முதலில் இறக்கைகள் பிய்ந்து பறந்தன, அப்புறம் முன்னங்கால் ஒன்று விழுந்தது. அறைகிற சத்தம் கீழே நின்ற எனக்குக் கேட்டது. பூச்சி துவண்டதும் நீளவாக்கில் திருப்பி, தலையை அண்ணாந்து விழுங்கியது.

கிளையின் அந்த இடம் மட்டும் மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருக்கிறது. அடியில் தரையில் வண்டுகளின் பளபளக்கும் முதுகோடுகள், வெட்டுக்கிளிக் கால்கள், அப்புறம் கறுத்து உலர்ந்த சிறு உருண்டைகள் சில கிடந்தன. உருண்டை எச்சமா?

#9 லிம்போபோ ராஜன்

எச்சம் இல்லை தம்பி, கக்கிய உருண்டை. செரிக்காத ஓடு, எலும்பு எல்லாம் இரைப்பையில் திரண்டு வாய் வழியாக வந்துவிடும், ஆந்தை கக்குவதுபோலவே. மீன்கொத்திகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். அது என்னென்ன தின்கிறது என்பதைப் பறவையைத் தொந்தரவு செய்யாமல் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. கையைக் கழுவிவிடுங்கள்.

கிளையில் அறைவது கொல்ல மட்டும் இல்லை. தேள், குளவி மாதிரி கொட்டுவன என்றால் விஷக் கொடுக்கு சிதையும். வண்டின் ஓடு உடையும். பல்லி, பாம்பு என்றால் எலும்பு நொறுங்கி விழுங்க எளிதாகும்.

#10 கம்பாலா தினேஷ்

நானும் உகாண்டாதான். இந்த இழையைப் படித்துவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் முன்யோன்யோ பக்கம் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது இதே பறவை நீச்சல்குளத்தில் பாய்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். மறுபடி மறுபடி பாய்ந்தது. மீன் பிடிக்காது என்றால் அங்கே என்ன செய்தது? குளத்தில் மீனும் இல்லையே.

#11 லிம்போபோ ராஜன்

குளியல், தினேஷ். மரமீன்கொத்திகள் குளிக்கிற விதமே அதுதான். கிளையிலிருந்து பாய்ந்து மேற்பரப்பில் சளாரென்று மோதி உடனே கிளம்பிவிடும். திரும்பி உட்கார்ந்து இறகைச் சிலிர்த்துக் கோதும், மறுபடி பாயும். அடுத்த முறை அலகைப் பாருங்கள், வெறும் அலகோடு வந்து இறகு கோத ஆரம்பித்தால் குளியல்.

#12 கொடுமுடி செல்வி

நான்காவது படம் பற்றி யாரும் சொல்லவில்லையே. இறக்கை விரித்தது வெயில் காயவா?

#13 லிம்போபோ ராஜன்

மன்னிக்கவும் அக்கா, அதை நிதானமாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். எனக்கு இந்தப் பறவையிடம் மிகவும் பிடித்த விஷயம் அது.

அடி எதுவும் படவில்லை. அது ஜோடிக் காட்சி. படத்தின் ஓரத்தில் மங்கலாக இன்னொரு வால் தெரிகிறது பாருங்கள், அதுதான் துணை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, இறக்கையை முழுக்க விரித்து, அடிப்பக்க வெள்ளை தெரியும்படி உடம்பை இடமும் வலமும் திருப்பும். கூடவே தொண்டை கிழியக் கத்தும். "ட்ரிப்" என்று வெட்டினாற்போல ஒரு தொடக்கம், உடனே "டிர்ர்ர்ர்ர்ர்" என்று நீண்டு மெல்ல இறங்குகிற அதிர்வு. சீப்பின் பல்லில் நகத்தை வேகமாக ஓட்டினால் எழும் சத்தத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று தொடங்கினால் அடுத்த எல்லைக்காரன் பதில் கொடுப்பான், அவனுக்கு அடுத்தவன் அங்கிருந்து.

ஆண் பெண் இரண்டும் பார்வைக்கு ஒன்றே. நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாது. கருப்பு வெள்ளை மீன்கொத்தியில் ஆணுக்கு நெஞ்சில் இரண்டு பட்டை, பெண்ணுக்கு ஒன்று என்று எளிதாகச் சொல்லிவிடலாம், இதில் அந்த வசதி கிடையாது.

எல்லைக் காவலில் பயங்கர முரடு. கூடு இருக்கும் காலத்தில் தன்னைவிடப் பெரிய பறவையையும் துரத்தும், மனிதர் மீதும் பாயும். தம்பி, மரத்தடியில் நிற்கும்போது தலைக்கு மேலே கவனம்.

அந்த நீலம் பற்றியும் ஒரு வரி. மீன்கொத்தி இறகின் நீலத்துக்கு நீலச் சாயம் எதுவும் காரணம் இல்லை. இறகிழைக்குள் இருக்கும் நுண்ணிய கடற்பஞ்சு போன்ற அமைப்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது. அதனால்தான் மேகமூட்டத்தில் எடுத்த முதல் படத்துக்கும் வெயிலில் எடுத்த இரண்டாவதுக்கும் இவ்வளவு வித்தியாசம்.

#14 டர்பன் சரோ

ராஜன், உங்கள் பக்கம் இவை இப்போது வந்துவிட்டனவா? டர்பனில் எங்கள் தோட்டத்துக்கு வருவது பழுப்புத்தலை மீன்கொத்தி மட்டும். அது வருடம் முழுக்க இருக்கும்.

#15 லிம்போபோ ராஜன்

இன்னும் இல்லை அக்கா. வழக்கமாக நவம்பர் வாக்கில். லிம்போபோவிலும் க்ரூகர் காட்டிலும் அந்த முதல் "டிர்ர்ர்" காதில் விழுந்துவிட்டால் மழைக்காலம் வந்தது என்று அர்த்தம். அன்றைக்கு ஊரில் பறவை பார்க்கும் ஒவ்வொருவரும் அடுத்தவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவோம். மார்ச், ஏப்ரலில் காடு அமைதியாகிவிடும், எல்லாம் வடக்கே போய்விடும்.

ஏரிக்கரைத் தம்பிக்கு இது விசித்திரமாக இருக்கும், ஏனென்றால் அவர் வருடம் முழுக்கப் பார்க்கிறார். நிலநடுக்கோட்டின் இரு பக்கமும் சுமார் 8 பாகைக்குள் இருப்பவை இடம்பெயர்வதில்லை. அங்கே மழை இரண்டு பருவமாக வருவதால் பூச்சிக்குப் பெரிய பஞ்சம் வராது. அதற்கு வெளியே, தெற்கிலும் வடக்கிலும், வறண்ட மாதங்களில் வெட்டுக்கிளியும் வண்டும் அடியோடு குறைந்துவிடும். அப்போது அவை நடுக்கோட்டை நோக்கி நகர்கின்றன, மழை திரும்பும்போது கூடுகட்டத் திரும்பி வருகின்றன. மீனை நம்பி வாழும் மீன்கொத்திக்கு ஆற்றில் தண்ணீர் இருந்தால் போதும், கோடையிலும் அங்கேயே இருந்துவிடும். இது பூச்சியின் பின்னால் கண்டத்தின் குறுக்கே போகிறது.

ஐரோப்பாவிலிருந்து வரும் பறவைகளைப் பற்றி எவ்வளவோ எழுதுகிறோம். ஆப்பிரிக்காவுக்குள்ளேயே நடக்கிற இந்தப் பயணங்களுக்கு அதில் பாதி கவனம்கூடக் கிடைப்பதில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

#16 ஏரிக்கரை

ஒரு அவசரம். இன்று வளாக மேலாளர் வந்து காய்ந்த மரத்தை இந்த வாரமே வெட்டப்போவதாகச் சொன்னார். அதே மரத்தில் மேலே, கிளை முறிந்த இடத்துக்குக் கீழே, உருண்டையான பொந்து ஒன்று இருக்கிறது. மீன்கொத்தி அதற்குள் போய் வருவதை நேற்றும் இன்றும் பார்த்தேன். இவை ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டும் என்றுதான் படித்திருக்கிறேன். பொந்து இதனுடையதா? என்ன செய்யலாம்?

#17 கம்பாலா தினேஷ்

மேலாளர் பக்கமும் பார்க்க வேண்டும். ஏரியிலிருந்து கிளம்புகிற இடிமழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காய்ந்த மரம் வீட்டுக் கூரை மேலோ, விளையாடுகிற பிள்ளைகள் மேலோ விழுந்தால்? பறவைக்காக அந்த ஆபத்தைச் சுமக்கச் சொல்ல முடியாது.

#18 லிம்போபோ ராஜன்

தினேஷ் சொல்வது சரிதான், பாதுகாப்பை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனால் மரத்தை அடியோடு சாய்ப்பது ஒன்றே வழி இல்லை.

முதலில் பொந்து. வெண்தொண்டை, சாம்பல்தலை மீன்கொத்தி என்ற வேறு இனம் எல்லாம் மண்ணில் வளை தோண்டுகின்றன. கானக மீன்கொத்தி அப்படியில்லை, மரப்பொந்தில் முட்டையிடுகிறது. ஆனால் பொந்தைத் தானே குடைய அதனால் ஆகாது. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து விட்டுப்போன பொந்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஊரில் இரட்டைப்பல் குக்குறுவான் உண்டு: கறுப்பு முதுகு, ரத்தச் சிவப்பு வயிறு, யானைத்தந்த நிற அலகு. அது காய்ந்த மரத்தைத்தான் தேடிக் குடையும், ஏனென்றால் பச்சை மரம் கடினம். ஆகச் சங்கிலி இதுதான்: பட்டுப்போன மரம் இருந்தால் குக்குறுவான், குக்குறுவான் இருந்தால் பொந்து, பொந்து இருந்தால் இந்த மீன்கொத்தி. தோட்டத்தைச் சுத்தமாக வைக்கிறேன் என்று பட்ட மரத்தையெல்லாம் எடுத்துவிட்டால், புல்லில் எவ்வளவு வெட்டுக்கிளி இருந்தாலும் இது அங்கே பெருகாது.

உள்ளே மெத்தை, புல் எதுவும் வைக்காது. வெறும் மரத்தூள் மேல் வெள்ளை வெளேரென்று உருண்டையான முட்டைகள், பெரும்பாலும் மூன்று. முட்டை இட்டதிலிருந்து குஞ்சு பறக்க ஐந்து ஆறு வாரம் ஆகும். பறந்த பிறகும் சில வாரம் பெற்றோர் ஊட்டும்.

நாளைக் காலை செய்ய வேண்டியது: பொந்தைத் தொடாதீர்கள், ஏணி போடாதீர்கள், தூரத்திலிருந்து பாருங்கள். பறவை வெறும் அலகோடு போய் நெடுநேரம் வெளியே வராமல், இன்னொன்று வந்து மாறினால் அடைகாப்பு. அலகில் பூச்சியைக் கவ்விக்கொண்டு உள்ளே போய் வெறும் அலகோடு வெளியே வந்தால் குஞ்சு இருக்கிறது. இரண்டும் இல்லாமல் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் இடம் பார்க்கிறது.

மேலாளரிடம் கேட்க வேண்டியது: பக்கக் கிளைகளையும் பொந்துக்கு மேலே உள்ள கனத்தையும் மட்டும் இறக்கிவிட்டு அடிமரத்தை நிறுத்தி வைக்க முடியுமா என்று. காற்று பிடிக்கிற தலை போய்விட்டால் சாய்கிற ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். வேர் அழுகியிருக்கிறதா என்பதை மட்டும் மரம் வெட்டத் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அழுகியிருந்தால் வேறு பேச்சில்லை. குஞ்சு பறக்கும் வரையாவது அடியில் கயிறு கட்டி யாரும் போகாமல் வைக்கலாம்.

#19 டர்பன் சரோ

இங்கே நாங்கள் சைசல் கற்றாழையின் காய்ந்த பூந்தண்டை வெட்டி மரத்தில் செங்குத்தாகக் கட்டிவைப்போம். குக்குறுவான் வந்து தானே குடைந்துகொள்ளும். மரத்தைக் காப்பாற்ற முடியாமல் போனாலும் அதைச் செய்து பாருங்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் சைசலுக்குப் பஞ்சமே இல்லை.

இன்னொன்று. நம் மைனாவை 1900-களின் தொடக்கத்தில் டர்பனுக்குக் கொண்டுவந்து, அது தப்பிப் பெருகி இப்போது ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா வரை போய்விட்டது. உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளில் அடாவடியாகக் குடியேறுகிறது. பொந்து எவ்வளவு அரிய சொத்து என்பதை இங்கே வந்து பார்த்தால் தெரியும். இருக்கிற ஒரு பொந்தையும் வெட்டிப் போடாதீர்கள்.

#20 நாகை மீரான்

மேலாளரிடம் பேசும்போது பறவை பூச்சி பிடிப்பதைப் படமெடுத்துக் காட்டுங்கள் தம்பி. வெறும் வாய்ப்பேச்சைவிடப் படம் பேசும்.

#21 ஏரிக்கரை

இன்று பேசினேன். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் எடுத்த படத்தைக் காட்டினேன்: பெரிய வெட்டுக்கிளியைக் கவ்வியபடி பொந்து வாயில் பறவை, அடுத்த படத்தில் வெறும் அலகோடு வெளியே. உள்ளே குஞ்சு இருக்கிறது என்றதும் கொஞ்சம் இறங்கி வந்தார். மரம் வெட்டுகிறவர் அடியைத் தட்டிப் பார்த்து, வேர் உறுதியாக இருக்கிறது, மேல்பாகம்தான் உளுத்திருக்கிறது என்றார்.

முடிவு இதுதான். கூரைப் பக்கம் சாய்ந்திருந்த பெரிய கிளை ஒன்றை மட்டும் இப்போது இறக்குவார்கள், அதுவும் கயிறு கட்டி மெதுவாக. மீதியைக் குஞ்சுகள் போன பிறகு. அப்போதும் அடிமரமும் பறவை உட்காருகிற கீழ்க்கிளையும் நிற்கும். பிள்ளைகள் விளையாடும் இடத்தை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டார்கள். புல்லுக்குப் பூச்சிமருந்து அடிப்பதையும் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

#22 கம்பாலா தினேஷ்

இது எல்லோருக்கும் ஏற்ற முடிவு. கிளை இறக்கும் நாளில் நானும் வருகிறேன், பொந்துப் பக்கம் யாரும் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

#23 லிம்போபோ ராஜன்

மிக நல்ல செய்தி. கிளை இறக்குவதை நடுப்பகலில் வைத்துச் சீக்கிரம் முடியுங்கள். காலையும் மாலையும்தான் ஊட்டுவது அதிகம் இருக்கும். வேலை நடக்கிறபோது பெற்றோர் பக்கத்து மரத்தில் நின்று கத்தும், பயப்பட வேண்டாம். எல்லோரும் விலகிவிட்டால் திரும்பிவிடும். நீண்ட நேரம் ஆகியும் உள்ளே போகவில்லை என்றால் மட்டும் இங்கே எழுதுங்கள்.

பூச்சிமருந்து விஷயத்தை விடாதீர்கள். மரத்தை வைத்துவிட்டு வெட்டுக்கிளியைக் கொன்றால் பாதி வேலைதான் ஆனது.

#24 கொடுமுடி செல்வி

தம்பி, குஞ்சு வெளியே வந்ததும் அந்தப் பழுப்பு அலகைப் படமெடுத்துப் போடுங்கள். வளர்ந்த பறவையின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தால், அடுத்து யாராவது இனம் கேட்டு வரும்போது இந்த இழையையே காட்டிவிடலாம்.

#25 ஏரிக்கரை

கட்டாயம் அக்கா. இதற்கிடையில் வேறு ஒன்று. விமான நிலையச் சாலையோரம் மண் வெட்டியெடுத்த பள்ளத்தின் பக்கத்தில் இன்னொரு மீன்கொத்தி பார்த்தேன். தலை சாம்பல், வயிறு செம்பழுப்பு, அலகு முழுக்கச் சிவப்பு. படம் தெளிவாக இல்லை.

#26 லிம்போபோ ராஜன்

சாம்பல்தலை மீன்கொத்தி. செம்பழுப்பு வயிறும் முழுச் சிவப்பு அலகும் சேர்ந்தால் வேறு எதுவும் கிடையாது. அதுவும் பூச்சி வேட்டைக்காரன்தான், ஆனால் கூடு மண்சுவரில். அந்தப் பள்ளத்தின் செங்குத்தான பக்கத்தில் கை நுழைகிற அளவு ஓட்டைகள் இருக்கிறதா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பாருங்கள். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், பேசுவோம்.